காப்டிக் இணைய அகராதி: சொல்லைப் பிரித்துப் போட்டால்தான் பொருள் வரும்

பழைய மொழிகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் இணைய அகராதிகள் நிறைய. காப்டிக்குக்கு அமைந்ததுபோல எல்லாம் ஒரே இடத்தில் கூடிவந்த அகராதி, அதைவிடப் பெயர்பெற்ற மொழிகள் பலவற்றுக்கு இல்லை. ஆனாலும் புதிதாக வருபவர் ஒரு காப்டிக் வரியை எடுத்து, அதில் கண்ட சொல்லை அப்படியே தேடுபெட்டியில் போட்டால் வெறுங்கையோடுதான் திரும்புவார். அது அகராதியின் குறை அல்ல, காப்டிக் எழுதப்படும் விதம் அப்படி. ஆகவே இந்த மதிப்பீட்டில் பாதி அகராதியைப் பற்றியது, பாதி அதைத் திறப்பதற்கு முன் செய்யவேண்டிய வேலையைப் பற்றியது.

மொழியை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய எகிப்திய மொழியின் கடைசிக் கட்டம்தான் காப்டிக். பட எழுத்திலும், பிறகு டெமோட்டிக் என்ற வேக எழுத்திலும் எழுதிவந்த அதே மொழியை, கி.பி. மூன்றாம் நூற்றாண்டு வாக்கில் கிரேக்க எழுத்தில் எழுதத் தொடங்கினார்கள். கிரேக்கத்தில் இல்லாத ஒலிகளுக்கு டெமோட்டிக்கிலிருந்து எழுத்துகளை எடுத்துக்கொண்டார்கள். தெற்கத்திய இலக்கிய வழக்கான சஹிதிக்கில் அப்படி ஆறு எழுத்து: ஷாய், ஃபாய், ஹோரி, ஜன்ஜா, சீமா, தீ. வடக்கு டெல்டாவின் போஹைரிக்கில் ‘ஃகாய்’ என்று ஏழாவது ஒன்று கூடுதல். 17ஆம் நூற்றாண்டு வாக்கில் பேச்சிலிருந்து மறைந்த மொழி, எகிப்தின் காப்டிக் சபை வழிபாட்டில் போஹைரிக் வடிவில் இன்றும் ஒலிக்கிறது.

‘காப்டிக் டிக்‌ஷனரி ஆன்லைன்’ என்பது பல நிறுவனங்களின் கூட்டு உழைப்பு. சொற்பட்டியல் பெர்லின்-பிராண்டன்பர்க் அறிவியல் கழகத்தில் தொகுக்கப்பட்டது. கிரேக்கக் கடன்சொற்கள் பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகத்தின் தனித் தரவுத்தளத்திலிருந்து வந்தவை. இணையதளமும் உரைத்தொகுப்பு இணைப்பும் அமெரிக்காவின் ‘காப்டிக் ஸ்கிரிப்டோரியம்’ திட்டத்தார் வேலை. 11,000க்கும் மேற்பட்ட பதிவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் ஆகிய மூன்று மொழிகளிலும் பொருள், வழக்கு வாரியாக எழுத்து வடிவங்கள், பழைய அச்சு அகராதிகளின் பக்க எண், உரைத்தொகுப்பில் அந்தச் சொல் எவ்வளவு வருகிறது என்ற கணக்கு. கட்டணம் இல்லை, பதிவு செய்யவும் வேண்டாம். தேடல் காப்டிக்கிலும் நடக்கும், பொருளை வைத்தும் நடக்கும். ‘தண்ணீர்’ என்பதற்கு எகிப்தியர் என்ன சொன்னார்கள் என்று பின்னாலிருந்து தேடும் வசதி அச்சு அகராதியில் பின்னிணைப்போடு முடிந்துவிடுகிறது. இங்கே அது முதல்பக்கத்திலேயே இருக்கிறது.

கிரேக்கச் சொற்களைச் சேர்த்ததுதான் இதன் பெரிய வரவு. 1939இல் ஆக்ஸ்ஃபோர்டில் முழுமையடைந்த, கிரம் என்ற அறிஞரின் காப்டிக் அகராதி இன்றும் இத்துறையின் ஆதாரம். ஆனால் கிரம் எகிப்திய வேரிலிருந்து வந்த சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டு, கிரேக்கத்தை ஒதுக்கிவிட்டார். காப்டிக் உரையிலோ ‘ப்ஸூகே’ (ஆன்மா), ‘எக்லேசியா’ (சபை), ‘அங்கெலோஸ்’ (தூதர்) எல்லாம் வரிக்கு வரி வருகின்றன. ‘அல்லா’ (ஆனால்), ‘கார்’ (ஏனெனில்) போன்ற கிரேக்க இடைச்சொற்கள் இல்லாமல் ஒரு பத்தி ஓடாது. முன்பெல்லாம் கிரமைப் பிரித்து வைத்துக்கொண்டு பக்கத்திலேயே ஒரு கிரேக்க அகராதியும் வேண்டியிருந்தது. இப்போது இரண்டும் ஒரே பெட்டியில்.

இனி பிரிக்கிற வேலை. 1945இல் மேல் எகிப்தில் நாக் ஹம்மாதி அருகே கிடைத்த 13 சுவடிகளில் இரண்டாவதில் உள்ள தோமா நற்செய்தியின் முதல் வரியை எடுத்துக்கொள்வோம். ஒலிபெயர்த்தால் ஏறத்தாழ இப்படி: நாயெய் நே என்ஷாஜே எத்தேப் எந்தா-இஸ் எதோன்ஹ் ஜோஓவு. ‘உயிருள்ள இயேசு சொன்ன மறைவான சொற்கள் இவை’ என்று பொருள். இதில் ஒரு சொல்லைக்கூடக் கண்டபடியே அகராதியில் போட்டு நல்ல பலன் காண்பது கடினம்.

‘என்ஷாஜே’ எளிது. முன்னால் உள்ள ‘என்’ பன்மைச் சுட்டு. அதைக் கழித்தால் ‘ஷாஜே’, பேச்சு. காப்டிக்கில் சுட்டு, முன்னிடைச்சொல், வினையின் காலம், எழுவாய் எல்லாம் முன்னால் ஒட்டும். தமிழில் பின்னால் ஒட்டுவதையெல்லாம் முன்னால் கொண்டுவந்து வைத்தது போல. ஆகவே கத்தரிக்கவேண்டிய இடம் சொல்லின் தலைப்பக்கம்.

‘எத்தேப்’தான் ஆளைக் கவிழ்ப்பது. எழுதியிருப்பது நான்கே எழுத்து: எப்சிலான், தீட்டா, ஈட்டா, பீ. ‘தேப்’ என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. சஹிதிக்கில் எகிப்தியச் சொற்களுக்குள் தீட்டா தனி எழுத்து அல்ல. ‘த்’தும் ‘ஹ்’ஹும் அருகருகே வந்தால் இரண்டையும் சேர்த்து எழுதும் சுருக்கம் அது. தீட்டாவை உடைத்து ‘எத்-ஹேப்’ என்று போட்டால்தான் பிடி கிடைக்கும். ‘எத்’ என்பது பெயரெச்சம் போன்ற இணைப்பு. ‘ஹேப்’ என்பது ‘ஹோப்’, அதாவது ‘மறை’ என்ற வினையின் நிலை வடிவம். ‘மறைக்கிறது’ என்று பொருள் இல்லை, ‘மறைந்திருக்கிறது’ என்று பொருள். ‘அதுபோல’ என்று உரை முழுக்க வரும் ‘என்தே’ என்ற சின்னச் சொல்லும் இதே ஜாதி: என்-த்-ஹே. அதில் ‘ஹே’தான் பெயர்ச்சொல், ‘விதம்’ என்று பொருள். ஃபீ என்ற எழுத்து ப்+ஹ், கீ என்பது க்+ஹ் என்றும் பிரியும். கிரேக்கக் கடன்சொல்லிலும் இந்தக் கண்ணி உண்டு. ‘எல்பிஸ்’ (நம்பிக்கை) என்ற சொல்லைக் காப்டிக்கர் முன்னால் ஹகரம் சேர்த்து ‘ஹெல்பிஸ்’ என்று எழுதினார்கள். பெண்பால் சுட்டான ‘த்’ சேர்ந்ததும் அது தீட்டாவில் தொடங்கும் ‘தெல்பிஸ்’ ஆகிவிடும். கிரேக்கம் நன்கு தெரிந்தவர்கள்தான் இதில் அதிகம் விழுகிறார்கள்.

‘இஸ்’ என்பது மேலே கோடிட்ட சுருக்கம், ‘இயேசுஸ்’ என்பதன் முதலும் கடைசியும். கிறிஸ்து, ஆவி போன்ற புனிதப் பெயர்களுக்கும் இதே வழக்கம். கோடு இருந்தால் விரித்துக்கொண்டு தேடவேண்டும். ‘ஜோஓவு’ என்பதில் கடைசி ஒலி ‘அவற்றை’ என்ற மாற்றுப்பெயர், அதைக் கழித்தால் ‘சொல்’ என்ற ‘ஜோ’ வினையின் ஒட்டு வடிவம்.

வினைகளுக்கு இப்படி நான்கு உருவம் வரை இருக்கும் என்பதை முதல்நாளே மனத்தில் ஏற்றிக்கொள்வது நல்லது. ‘கட்டு’ என்பதற்குத் தனித்து நின்றால் ‘கோத்’, பெயர்ச்சொல் பின்னால் ஒட்டினால் ‘கெத்’, மாற்றுப்பெயர் ஒட்டினால் ‘கொத்’, கட்டப்பட்ட நிலையைச் சொன்னால் ‘கேத்’. அகராதிப் பதிவில் நான்கும் வரிசையாக இருக்கும். ஒற்றைக் கோடு ஒட்டியிருந்தால் பெயர்ச்சொல் வடிவம், இரட்டைக் கோடு ஒட்டியிருந்தால் மாற்றுப்பெயர் வடிவம். இந்தக் கோடுகளைப் பார்க்காமல் கடந்துபோகிறவர்கள் பிறகு இலக்கணத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

கையால் பிரிப்பது அலுப்பாக இருந்தால் ஸ்கிரிப்டோரியத்தின் தானியங்கிப் பகுப்பி இருக்கிறது. உரையை ஒட்டினால் சொல்லைப் பிரித்து, இலக்கண வகை காட்டி, அகராதி வடிவத்தையும் தந்துவிடும். வேலை சுத்தம்தான், இரண்டு எச்சரிக்கை மட்டும். முதலாவது, கையெழுத்துப் படிகளில் சொல்லுக்கு இடைவெளியே கிடையாது. எங்கே இடைவெளி விடுவது என்பது பதிப்பாளர் முடிவு, அதில் ஒன்றுக்கு மேற்பட்ட மரபுகள் உண்டு. பகுப்பி, ஒட்டிய தொகுதிகளை ஒன்றாக வைக்கும், இலக்கண ஆசிரியர் லேட்டனின் மரபை எதிர்பார்க்கிறது. பழைய ஜெர்மன் பதிப்பில் உள்ளபடி துண்டுதுண்டாக ஒட்டினால் தவறாகப் பிரிக்கும். முதலில் இடைவெளியைச் சரிசெய்யவேண்டும். இரண்டாவது, சஹிதிக்கில் ‘எஃப்ஸோத்ம்’ என்று எழுதினால் ‘அவன் கேட்டுக்கொண்டிருக்கையில்’ என்றும் ஆகலாம், அழுத்தம் வேறு சொல்லில் விழும் வாக்கியத்தின் முதன்மை வினையாகவும் ஆகலாம். எழுத்து ஒன்றுதான். பகுப்பி இரண்டில் ஒன்றைத் தேர்ந்துவிடும், சந்தேகக்குறி போடாது. படிப்பவர் தாமே முழு வாக்கியத்தையும் பார்த்துத்தான் தீர்க்கவேண்டும்.

சரியாகப் பிரித்தபிறகும் பலன் வராவிட்டால் எழுத்துருவைச் சந்தேகியுங்கள். யூனிகோடு முதலில் காப்டிக்கைக் கிரேக்கத்தின் ஒரு சாயலாகவே கருதி, டெமோட்டிக்கிலிருந்து வந்த எழுத்துகளுக்கு மட்டும் கிரேக்கப் பகுதிக்குள் இடம் கொடுத்தது. 2005இல் 4.1 பதிப்பில்தான் மற்ற எழுத்துகளுக்குத் தனிப் பகுதி கிடைத்தது. விளைவு, ஒரே காப்டிக் சொல்லின் எழுத்துகள் இரண்டு பகுதிகளில் சிதறிக் கிடக்கின்றன. கிரேக்க விசைப்பலகையில் தட்டிய ஆல்ஃபா கண்ணுக்குக் காப்டிக் ஆல்ஃபா போலவே தெரியும், கணினிக்கோ வேறு எழுத்து. அதற்கும் முந்தைய பி.டி.எஃப்.களில் காப்டிக் எழுத்துரு என்று போர்த்தியிருப்பது சாதாரண லத்தீன் எழுத்து. நகலெடுத்து ஒட்டினால் குப்பையாக வரும். மேல்கோடும் தொல்லைதான். ‘ஸோத்ம்’ (கேள்) என்பதன் கடைசி ‘ம்’ மேல் உள்ள கோட்டை ஒருவர் ஒரு குறியால் போட்டிருப்பார், இன்னொருவர் வேறு குறியால். தேடும்போது கோடு இல்லாமல் வெறும் எழுத்தாகப் போடுவதே பத்திரம்.

பதிவைக் கண்டபிறகு அங்கேயே நின்றுவிடக் கூடாது. இணைய அகராதி தரும் பொருள் ஒரு வரி, இரண்டு வரி. ‘நூதே’ என்று போட்டால் ‘கடவுள்’ என்று சொல்லிவிட்டு, கிரமின் 230ஆம் பக்கம் இரண்டாம் பத்திக்கு வழி காட்டும். அந்த இணைப்பைச் சொடுக்கி, வருடிய பக்கத்தைப் பார்க்கவேண்டும். எந்த முன்னிடைச்சொல் சேர்ந்தால் எந்தப் பொருள், எந்தக் கிரேக்கச் சொல்லின் மொழிபெயர்ப்பாக வருகிறது, எந்த நூலில் வருகிறது என்பதெல்லாம் அங்கேதான். ஒரு வினையோடு சின்ன இடைச்சொல் சேர்ந்து பொருளே திசைமாறுவது காப்டிக்கில் அன்றாடம். சுருக்கப் பொருளை வைத்து மொழிபெயர்த்தவர்கள் வழுக்குவது அந்த இடத்தில்தான்.

கிரமை அச்சில் வைத்திருப்பவர்கள் அதன் வரிசையைப் பழகிக்கொள்ளவேண்டும். அது உயிரெழுத்தைத் தள்ளிவைத்து, மெய்யெழுத்துகளை மட்டும் முதலில் அடுக்குகிறது. ஸோத்ம் வேண்டுமென்றால் ஸ்-த்-ம். வழக்குக்கு வழக்கு மாறுவது உயிர்தான் என்பதால் இந்த ஏற்பாடு. சஹிதிக்கில் மனிதன் ‘ரோமே’, போஹைரிக்கில் ‘ரோமி’, ஃபயூம் வழக்கில் ‘லோமி’. மெய்யும் மாறிய அந்தக் கடைசி வடிவத்தைக் கிரமில் தேடிப் பிடிக்கக் கொஞ்சம் அலையவேண்டும், இணையத்தில் நேராக வந்துவிடும்.

மற்றப் பழைய மொழிகளின் கருவிகளோடு வைத்துப் பார்த்தால் இதன் இடம் தெளிவாகும். கிரேக்கம், லத்தீன் படிப்பவருக்கு பெர்சியஸ், லோகியான் என்று இரண்டு தளங்கள்: முன்னதில் உரையில் உள்ள சொல்லைச் சொடுக்கினாலே, பின்னதில் கண்டபடியே தட்டினாலே மூலவடிவம் வந்துவிடும். வசதியில் அவற்றை மிஞ்ச ஆளில்லை, மூன்று மொழிப் பொருளும் கடன்சொல் தரவும் ஒன்றாக இருப்பதில் காப்டிக் முந்துகிறது. பழைய மெசபொடேமியாவின் அக்காடியனுக்கு சிகாகோ பல்கலைக்கழகம் 1921இல் தொடங்கி 2011இல் முடித்த 21 தொகுதி அகராதி இலவச பி.டி.எஃப்.ஆகக் கிடைக்கிறது. ஆழத்தில் காப்டிக் அகராதி அதன் பக்கத்தில் நிற்காது. ஆனால் அது பக்கம் புரட்டும் புத்தகமாகவே இருக்கிறது. சமஸ்கிருதத்துக்குக் கொலோன் பல்கலைக்கழகத் தளத்தில் 1899ஆம் ஆண்டு மோனியர் வில்லியம்ஸ் உட்படப் பல அகராதிகள் கிடைக்கின்றன. அங்கேயும் சந்தியைப் பிரித்துக்கொடுக்க வேறு தளத்துக்குப் போகவேண்டும், ஆகத் தலைவலி ஒன்றுதான்.

உண்மையான ஜோடி சிரியாக். இரண்டும் அரபிக்கு வழிவிட்டு வழிபாட்டில் தங்கிய சபை மொழிகள். கேரளத்துச் சிரியன் சபைகளின் சுவடிகள்வரை சிரியாக்கின் பரப்பு நீள்கிறது. சின்சினாட்டியிலிருந்து இயங்கும் முழு அரமேயிக் அகராதி, சிரியாக்கை அதன் உறவு மொழிகளோடு சேர்த்துக் காட்டுகிறது. அரமேயிக் வழக்குகளைப் பேசுவோர் இன்றும் இருக்கிறார்கள், எபிரேயமும் அரபியும் பக்கத்து வீடு. ஐயம் வந்தால் கேட்டுப் பார்க்க உறவினர் உண்டு. காப்டிக்குக்கு அப்படி உயிரோடிருக்கும் பிள்ளை மொழி இல்லை. இருப்பதெல்லாம் முன்னோர்.

அந்த முன்னோரிடம் போகும் வழியில்தான் காப்டிக்கின் பங்கு தெரியும். பட எழுத்து மெய்யொலிகளை மட்டுமே எழுதும். மனிதன் என்பது ர்-ம்-த்ச் என்று நிற்கும், இடையில் என்ன உயிர் என்று கல்லில் இல்லை. ‘ரோமே’ வந்துதான் அங்கே ஒரு ஓகாரம் இருந்தது என்று சொல்கிறது. ‘நெஃபெர்’ என்று நாம் படிக்கும் ‘அழகு, நன்மை’ என்ற சொல்லில் உள்ள எகரங்கள் ஆய்வாளர்கள் வசதிக்காகச் செருகியவை. காப்டிக்கில் அது ‘நூஃபே’. நெஃபர்டிட்டியை அவர் காலத்தவர் அந்தப் பெயரால் கூப்பிட்டிருக்கமாட்டார்கள்.

1822இல் பிரெஞ்சு அறிஞர் சாம்பொல்லியோன் பட எழுத்தைப் படித்ததும் இதே வழியில். ஒரு அரசர் பெயரின் தொடக்கத்தில் சூரிய வட்டத்தைக் கண்டார். காப்டிக்கில் சூரியன் ‘ரே’ என்று அவருக்குத் தெரியும், அங்கிருந்து ராம்சேஸ் என்ற பெயர் வெளிப்பட்டது. 17ஆம் நூற்றாண்டிலேயே ரோமில் கிர்ச்சர் காப்டிக் இலக்கணத்தையும் சொற்பட்டியலையும் அச்சிட்டிருக்காவிட்டால் அந்தப் படிப்பு ஐரோப்பாவில் அவருக்கு எட்டியிருக்காது. பட எழுத்தைப் பற்றி கிர்ச்சர் சொன்னதெல்லாம் கற்பனை என்பது வேறு கதை. சுமேரியனுக்கு இப்படி ஒரு வாரிசு அமையவில்லை. அக்காடிய எழுத்தர்கள் பள்ளிப்பாடமாக எழுதிவைத்த இருமொழிப் பட்டியல்களை நம்பித்தான் அதைப் படிக்கிறோம்.

இணைய அகராதியிலிருந்து எகிப்திய மூலத்துக்குப் போக, பெர்லினும் லைப்சிக்கும் நடத்தும் ‘தெசாரஸ் லிங்குவே எஜிப்டியே’ தளத்தைப் பக்கத்து சாளரத்தில் திறந்துவைத்துக்கொள்வது நல்லது. தோமாவின் வரியில் மிச்சம் வைத்த ‘எதோன்ஹ்’ சொல்லை அங்கே கொண்டுபோங்கள். ‘எத்’தைக் கழித்தால் ‘ஓன்ஹ்’, உயிரோடிருத்தல். அதன் மூதாதை, கோயில் சுவரெல்லாம் செதுக்கிய அங்க் குறி, வளையம் வைத்த சிலுவை போன்ற அதேதான்.

அரபி பேசும் எகிப்திலும் சொற்கள் மிச்சமிருக்கின்றன. உழவர் கணக்குக்கு இன்றும் தூத், பாபா, ஹாத்தூர் என்று காப்டிக் மாதங்களே. ஹாத்தூர் என்பது ஹதோர் தெய்வத்தின் பெயர். முதலையை அரபியில் ‘திம்ஸாஹ்’ என்பதும் அந்த வழி வந்ததே. செங்கல்லுக்குக் காப்டிக்கில் ‘தோபே’. அரபியில் ‘தூப்’ ஆகி, ஸ்பெயினுக்குப் போய் ‘அடோபே’ ஆகி, கலிஃபோர்னியாவில் ஒரு ஓடைக்குப் பெயராகி, அந்த ஓடையின் பெயரை ஒரு மென்பொருள் நிறுவனம் வைத்துக்கொண்டது. கிரமின் வருடிய பக்கத்தை அந்த நிறுவனத்தின் பி.டி.எஃப். செயலியில் திறப்பவர்கள் எகிப்தியச் செங்கல்லைத்தான் சொடுக்குகிறார்கள்.

இனி குறை. அகராதியில் எல்லா வழக்குகளும் உண்டு, ஆனால் பகுப்பியும் உரைத்தொகுப்பும் சஹிதிக்கை மையமாக வைத்து வளர்ந்தவை, போஹைரிக் உரைகள் பின்னர்தான் சேரத் தொடங்கின. ஆய்வாளருக்குச் சரி, வழிபாட்டுப் பாடலுக்குப் பொருள் தேடி வருபவருக்கு அவர் கையில் இருப்பது போஹைரிக். இன்னொரு சிக்கல், கோயிலில் கேட்பது ஒன்று, எழுதியிருப்பது ஒன்று. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சபை நவீன கிரேக்க உச்சரிப்பைத் தழுவிக்கொண்டது. காதால் கேட்டதை வைத்து எழுத்தை ஊகித்துத் தேடினால் தவறும். பாடல் புத்தகத்தின் எழுத்தைப் பார்த்தே தட்டவேண்டும்.

போஹைரிக்கில் சஹிதிக்கின் பிரிப்பு விதிகளை அப்படியே போடவும் கூடாது. ‘ஃப்னூதி’ (கடவுள்) என்பதில் உள்ள ஃபீ எழுத்து ப்+ஹ் அல்ல. வெறும் ஆண்பால் சுட்டான ‘ப்’தான், நகரத்துக்கு முன்னால் அப்படி மூச்சு சேர்ந்து ஒலிக்கிறது. அதைக் கழித்து ‘நூதி’ என்று தேடவேண்டும். கிடைக்காத சொல்லுக்கு மூன்று மாற்றம் செய்து பாருங்கள். கடைசி இகரத்தை ஏகாரமாக்கினால் பல சொற்களுக்குச் சஹிதிக் பதிவு கிடைக்கும். ஜன்ஜா இருக்கும் இடத்தில் சீமாவைப் போட்டுப் பாருங்கள்: போஹைரிக்கில் கை என்பது ‘ஜிஜ்’, சஹிதிக்கில் முதல் எழுத்து சீமா. ஃகாய் வந்தால் ஹோரியாக மாற்றுங்கள். ‘ஓன்ஃக்’ என்று போஹைரிக் எழுதுவதைச் சஹிதிக் ‘ஓன்ஹ்’ என்று எழுதும். கல்லில் உள்ள அங்க் சொல்லின் கடைசி மெய்க்குப் பக்கத்தில் நிற்பது அந்தப் போஹைரிக் ஃகாய்தான்.